எத்தனை முறை திருத்துவது?

பழைய மோட்டார் வண்டி ஒன்றை வைத்திருப்பவன் ஆண்டுக்கு ஒரு முறையாவது ஒரு வழக்கை விசாரிக்க வேண்டியவனாகின்றான். வழக்குத் தொடுப்பவனும் அவனே, எதிர்வழக்காடுபவனும் அவனே, தீர்ப்பு வழங்க வேண்டியவனும் அவனே. "இதனை இன்னும் ஒரு முறை திருத்துவதா, இம்முறையோடு விட்டுவிடுவதா?" என்பதே வழக்கு. பெரும்பாலானோர் தீர்ப்புக் கூறாமல் தவணை போட்டுக்கொண்டே போவர். நானும் அவர்களுள் ஒருவனாகவே இதுகாறும் இருந்து வந்தேன்.

என் தகப்பனார் 1962ஆம் ஆண்டில் வாங்கிய மொறிஸ் மைனர் வண்டி இன்றும் எங்கள் வளவில், பூவரச மரத்தடிக் கொட்டிலில் நிற்கின்றது. அது 1954ஆம் ஆண்டில் செய்யப்பட்டது. வேறொருவர் எட்டாண்டு ஓட்டிய பின்னரே எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அதனைத் திருத்துவதற்கு ஆகக்கூடிய செலவை எங்கள் திருத்துநர் அண்மையில் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதித் தந்தார். அத்துண்டை வாசித்த என் மனைவி அதனை மேசைமேல் வைத்து, பறந்துபோகாதபடி மூக்குக்கண்ணாடிக் கூட்டைப் பாரமாக வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார். கனடாவிலிருக்கும் மகன் தொலைபேசியில், "அப்பா, உந்தக் காசுக்கு ஒரு வருசம் ஓட்டோவிலை திரியலாம். உதை ஆருக்கும் குடுத்துவிடுங்கோ" என்றான். என்னிடம் படித்த ஒருவர் அயலில் இருக்கின்றார். அவரோ, "சேர், அதை மட்டும் விக்காதேங்கோ. அது எங்கடை ஊரின்ரை சரித்திரமெல்லோ" என்றார். அந்தச் சரித்திரத்துக்குப் பெற்றோல் வார்ப்பவன் நான் என்பது அவருடைய நினைவுக்கு வரவில்லை.

மகனின் கணக்கை முதலில் எடுத்துக்கொள்வோம். ஏனெனில் அதுவே பலரும் போடும் கணக்கு. வண்டியை விற்றால் இவ்வளவு வரும். திருத்துவதற்கோ அதில் அரைவாசி வேண்டும். ஆதலால் திருத்துவது மூடத்தனம் என்று இக்கணக்கு முடியும். இது வண்டி வியாபாரியின் கணக்கேயன்றி வண்டி ஓட்டுபவனின் கணக்கு அன்று. விற்கும் எண்ணம் இல்லாதவனுக்குச் சந்தை விலையால் ஆவது யாது? வீட்டுக் கூரையில் ஒழுக்கு வந்தால், வீட்டின் விலையைக் கேட்டுவிட்டா ஓடு மாற்றுகின்றோம்? இனி வரும் ஓராண்டில் நான் போகவேண்டிய இடங்கள் இவை. அவற்றுக்குப் போய்வர இவ்வண்டியால் எவ்வளவு செலவாகும், இது இல்லாவிட்டால் எவ்வளவு செலவாகும் என்று பார்ப்பதே நேரான கணக்கு. இப்படிப் பார்த்தால் இவ்வாண்டைப் பொறுத்தவரையில் மகன் சொல்வது சரிதான். ஓட்டோ மலிவு. ஆனால், திருத்திய வண்டி ஓராண்டோடு நின்றுவிடுவதில்லை. செலவைப் பத்தாண்டுக்குப் பகிர்ந்தால் கணக்கு மறுபக்கம் சாய்கின்றது. ஆக, பத்தாண்டு நிற்குமா என்பதே கேள்வியாகின்றது. அதற்கு விடை கடதாசியில் இல்லை. வண்டியின் அடியில் இருக்கின்றது.

"திருத்துவதை விட்டு வேறொன்றை வாங்குவதுதானே?" என்பர் சிலர். 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இந்நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025ஆம் ஆண்டு பெப்ரவரியிலேதான். இடைப்பட்ட ஆண்டுகளில், பல காலம் ஓடிய வண்டிகள் தாம் வாங்கப்பட்ட விலையிலும் கூடிய விலைக்கு விற்பனையான விந்தையைக் கண்டோம். இன்றும் இறக்குமதி வரியைச் சேர்த்துப் பார்த்தால், ஓய்வூதியக்காரன் ஒருவன் புதிய வண்டியைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வரலாம். அன்றியும், இக்காலத்து வண்டிகள் பலவற்றில் பெற்றோலும் மின்சாரமும் சேர்ந்து வேலை செய்கின்றன. அவற்றின் பெரிய பற்றரி ஓய்ந்துபோனால், அப்போதும் இதே வழக்கு வேறொரு பெயரில் எழத்தான் செய்யும். ஆதலால் வண்டியை மாற்றிவிடுவதனால் கேள்வியிலிருந்து தப்பிவிடலாம் என்று எண்ணுவது வீண்.

இதற்கு நேர்மாறான தவறு ஒன்று உண்டு. அதுவே என்னைப் போன்றோர் அதிகமாகச் செய்வது. "இதுவரை இவ்வளவு செலவழித்தாயிற்று, இனி எப்படி விடுவது?" என்கின்றோம். புதிய ரயர் நான்கு, புதிய பற்றரி, சென்ற ஆண்டு பூசிய வர்ணம் ஆகிய யாவும் எங்கள் முன் வந்து சாட்சி சொல்கின்றன. ஆனால் அவற்றுக்கு இவ்வழக்கில் சாட்சி சொல்லும் உரிமை இல்லை. போன பணம் போயிற்று. திருத்தினாலும் திரும்பாது, திருத்தாவிட்டாலும் திரும்பாது. இதனை மாணவர்க்குக் கணிதம் கற்பித்த நான் என் ஐம்பது வயது வரையில் உணரவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கின்றேன்.

என் தகப்பனார் இவ்வகையில் என்னிலும் தெளிவுள்ளவர். வண்டி வாங்கிய நாள் தொடக்கம் ஒரு கொப்பியில் ஒவ்வொரு திருத்தத்தையும் எழுதி வந்தார். திகதி, மைல், பழுது, செய்த வேலை, கொடுத்த காசு என்பன வரிசையாக இருக்கும். மொத்தத்தை மட்டும் அவர் ஒருபோதும் கூட்டியதில்லை. ஏன் கூட்டுவதில்லை என்று சிறுவனாயிருந்த நான் கேட்டபோது, "கூட்டினால் விக்க மனம் வராது" என்றார். அக்காலத்தில் அது ஒரு பகிடி என்றே எண்ணினேன்.

அக்கொப்பியை இம்மாதம் மறுபடியும் எடுத்து முதலிலிருந்து வாசித்தேன். அது ஒரு வண்டியின் நோய்க்குறிப்பு மட்டுமன்று. 1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் இறக்குமதி சுருங்கியது; 1977ஆம் ஆண்டு வரையில் புதிய கார் என்பது சாதாரண குடும்பங்களுக்குக் கைக்கெட்டாத பொருள். அவ்வாண்டுகளின் பக்கங்களில், வாங்கிய உறுப்புகளைவிடச் செய்வித்த உறுப்புகளே அதிகம். பட்டடையில் அடித்த வில்லுத் தகடு, கடைசல் இயந்திரத்தில் கடைந்த பித்தளைப் புஷ், பழைய ரியூப்பில் வெட்டிய வளையம் என்று பக்கம் பக்கமாகச் செல்கின்றது. ஈழத்தில் பழைய வண்டிகள் நீண்டகாலம் வாழ்ந்ததற்கு எம்மவரின் பழமைப் பற்றுக் காரணம் என்று சிலர் எழுதுவதுண்டு. கொப்பி அப்படிச் சொல்லவில்லை. வேறு கிடைக்காமையே முதற் காரணம். பற்றுப் பின்னால் வந்தது. (வண்டியின் இலக்கத் தகட்டில் இரண்டு ஆங்கில எழுத்துகள் உள்ளன. 1957இல் சிங்கள ஸ்ரீ எழுத்துப் பொறித்த தகடுகள் வந்து, அவற்றின்மேல் தார் பூசிய கிளர்ச்சி எழுந்தபோது, பழைய தகடு கொண்ட வண்டிகள் அக்கலகத்தில் ஒதுங்கி நின்றன. எங்கள் வண்டி அரசியலில் அகப்படாமல் தப்பியது அந்த ஒரு முறைதான்.)

1990ஆம் ஆண்டு தொடங்கி வடபகுதிக்குப் பொருளாதாரத் தடை வந்தது. அவ்வாண்டுகளின் பக்கங்களில் என் கையெழுத்தே இருக்கின்றது. தகப்பனார் அதற்குமுன் காலமாகிவிட்டார். பெற்றோல் என்பது மருந்துப் போத்தலில் வைத்துத் துளி துளியாகச் செலவிடும் பொருளாயிற்று. வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. இதனை இளைய தலைமுறையினர் கதை என்று எண்ணக்கூடும். பழைய பிரித்தானிய வண்டிகளின் இயந்திரங்கள் காற்றையும் எரிபொருளையும் சேர்த்து ஏழில் ஒரு பங்களவுக்கே அழுத்துவன. அவ்வளவு குறைந்த அழுத்தத்தில் மண்ணெண்ணெயும் ஒருவாறு எரியும். ஆனால் குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் ஆவியாவதில்லை. ஆகையால் கார்புறேற்றரின் வாயில் சிறிது பெற்றோல் விட்டு இயந்திரத்தைக் கிளப்பி, அது சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓடவிடுவோம். தட்டுச் சத்தம் எழாதபடி தீப்பொறி விழும் நேரத்தைச் சற்றே பிந்தவைப்போம். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவர் வழியே இறங்கி அடியிலுள்ள ஒயிலை நீர்த்துப்போகச் செய்யும்; ஒயிலோ கிடைப்பதரிது. பெற்றோலை இழுத்துவிடும் மின்பம்பு அடிக்கடி ஓய்ந்துவிடும். திருகாணிச் சாவியால் அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டினால் மறுபடியும் 'டிக் டிக்' என்று உயிர்பெறும். அந்த ஓசையைக் கேட்டபின்னரே வண்டியில் இருப்பவர்கள் பேசத் தொடங்குவார்கள்.

1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் எழுந்து தென்மராட்சியை நோக்கி நடந்தது. கொப்பியில் அன்றைய திகதிக்கு எதிரே ஒரு குறிப்பும் இல்லை. வண்டிக்குள் என் தாயாரும், இரண்டு குழந்தைகளும், மூன்று சாக்குகளும் இருந்தன. நாவற்குழிப் பாலத்தை அணுகியபோது வண்டியைச் செலுத்துவதற்கு வேண்டிய வெளி அரை முழம் கூட முன்னால் இருக்கவில்லை. இயந்திரத்தை நிறுத்திவிட்டு, நானும் முன்பின் அறியாத இருவரும் சேர்ந்து மழையில் தள்ளிக்கொண்டே போனோம். எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காகவும் அப்படிச் செய்தோம் என்பதே உண்மை. அன்று அவ்வண்டி ஒரு மோட்டார் வாகனமாக இருக்கவில்லை. கூரையுள்ள தள்ளுவண்டியாகவே இருந்தது. தாயாருக்கு அந்தக் கூரை போதுமானதாயிருந்தது.

பின்னர் 2022ஆம் ஆண்டில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவாக ஏறி, நாட்கணக்கில் வரிசையில் நின்று, பின்பு கியூஆர் குறியீட்டைக் காட்டி அளந்து வாங்கிய காலத்தில், தெற்கிலுள்ள நண்பர்கள் சிலர் தொலைபேசியில் என்னிடம் மண்ணெண்ணெய் உபாயத்தைக் கேட்டனர். அப்போது மண்ணெண்ணெயும் கிடைக்கவில்லை.

இவற்றையெல்லாம் நான் இங்கு விரித்து எழுதுவது பழம்பெருமை பேசுவதற்காக அன்று. அந்த ஆண்டுகள் எமக்கு ஒரு கைத்திறனைத் தந்தன. அதனை யாரும் மறுக்க முடியாது. அவற்றோடு ஒரு கெட்ட பழக்கத்தையும் தந்தன. வண்டி கிளம்பினால் போதும், நகர்ந்தால் போதும் என்பதே எங்கள் பரிசோதனையாயிற்று. குழிகள் நிறைந்த வீதியில், மணிக்குப் பதினைந்து மைல் வேகத்தில், எதிரே வேறு வாகனமே வராத காலத்தில், ஓடுதலே பெரிதாயிருந்தது. நிற்றலைப் பற்றி எவரும் கவலைப்படவில்லை. வண்டி தானாகவே நின்றுவிடும். இன்று வீதிகள் வேறு. கம்பளம் விரித்தாற்போன்ற வீதியில் பஸ்களும் வான்களும் எந்த வேகத்தில் வருகின்றன என்பதை நான் சொல்லத் தேவையில்லை. இன்று பெரிது நிற்றல். நாங்களோ இன்னும் பழைய பரிசோதனையையே வைத்துக்கொண்டு, "முதல் அடியிலேயே ஸ்ராட் எடுத்தது" என்று பெருமை பேசுகின்றோம். சட்டமும் எங்களுக்கு உதவவில்லை. தனியார் காருக்கு ஆண்டு வரிப்பத்திரம் பெறுவதற்குப் புகைப் பரிசோதனை உண்டு. பிறேக் பிடிக்கின்றதா என்று கேட்பார் இல்லை.

நான் அதனை அறிந்துகொண்ட விதம் பின்வருமாறு. சென்ற மார்கழியில் ஒரு நாள், மகளின் மகளைப் பாடசாலையிலிருந்து ஏற்றிக்கொண்டு வந்தேன். மழை விட்டிருந்தது; வீதி ஈரமாக இருந்தது. சந்தியை அணுகி, பிறேக்கை மிதித்தேன். மிதி எவ்விதத் தடையுமின்றித் தரை வரையும் போயிற்று. இரண்டாம் முறை மிதித்தேன், அப்போதும் அப்படியே. முன்னே வெள்ளைச் சட்டை அணிந்த பிள்ளைகள் துவிச்சக்கர வண்டிகளில் வீதியைக் கடந்துகொண்டிருந்தனர். கைப்பிறேக்கை இழுத்து, கியரைக் கீழே இறக்கி, வண்டியை மதிலோடு சாய்த்தேன். மதிலில் உராய்ந்து நின்றது. கடைசியாகக் கடந்த பிள்ளைக்கும் வண்டிக்கும் இடையே ஒரு பாய் விரிக்கும் தூரமே இருந்தது. அந்தப் பிள்ளை திரும்பிப் பார்க்கவுமில்லை. அதற்கு ஒன்றும் தெரியாது. பின்னாசனத்திலிருந்த என் பேத்தி, "அம்மப்பா, ஏன் மதிலோடை கொண்டுவந்து நிப்பாட்டினனீங்கள்?" என்று கேட்டாள்.

குற்றம் என்னுடையது. அவ்வண்டியில் நான்கு சில்லுகளுக்கும் பிறேக் ஒயில் ஒரே குழாய் வழியாகவே செல்கின்றது. ஓரிடத்தில் ஒழுகினால் நான்கும் போய்விடும். ஒயிலை அழுத்தி அனுப்பும் பிரதான சிலிண்டரோ சாரதியின் காலடியில், தரைக்குக் கீழே, சட்டத்துக்குள் ஒளித்து வைக்கப்பட்டிருக்கின்றது. அதனைப் பார்ப்பதற்கு விரிப்பைத் தூக்கவேண்டும். கழற்றுவதற்கு அரை நாள் வேண்டும். கொட்டில் நிலத்தில் ஈரக்கறை ஒன்றைச் சில வாரங்களாகவே கண்டுவந்தேன். கண்டும், குறைந்த ஒயிலை நிரப்பிவிட்டு ஓட்டினேன். கழற்றும் வேலை பெரிது, பொங்கலுக்குப் பின் பார்ப்போம் என்று தவணை போட்டேன்.

அதற்குப் பின்னர்தான் திருத்துநரை அழைத்து, "இதை முழுக்கப் பாருங்கோ" என்றேன். அவர் என்னிலும் ஐந்து வயது இளையவர்; என் தகப்பனார் காலத்தில் இவ்வண்டிக்குக் கிறீஸ் பூசிய சிறுவன். இயந்திர மூடியை அவர் திறக்கவே இல்லை. "எஞ்சினை விடுங்கோ மாஸ்ரர். அது உங்களையும் என்னையும் தாண்டி ஓடும். வாங்கோ, கீழை குனிஞ்சு பாருங்கோ" என்றார். கையில் ஒரு பழைய திருகாணிச் சாவியுடன் வண்டியின் கீழே படுத்து, அடிப்பக்கத்தைத் தட்டிக்கொண்டே போனார். சில இடங்களில் 'டங்' என்ற ஓசை வந்தது. சில இடங்களில் ஓசை வரவில்லை. சாவி உள்ளே போய்விட்டது.

வாசகர்கள் இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். மொறிஸ் மைனர் 1948ஆம் ஆண்டில் வெளிவந்தபோது அதன் புதுமைகளுள் ஒன்று, உடலுக்குக் கீழே தனியான இரும்புச் சட்டம் இல்லாமையாகும். லொறிக்கும் பழைய கார்களுக்கும் உள்ளது போல ஏணி வடிவான சட்டம் ஒன்று இதற்கு இல்லை. தரைத்தகடும், கதவின் கீழே இருபுறமும் ஓடும் பெட்டித் தகடுகளும், குறுக்குத் தகடுகளும் ஒன்றாகப் பொருந்தித் தாமே சட்டமாக நிற்கின்றன. அலெக் இசிகோனிஸ் என்பார் வகுத்த அமைப்பு அது. வண்டியை இலேசாக்கியதும், வீதியில் பிடித்து ஓடச்செய்ததும் அவ்வமைப்பே. ஆனால் கதவடித் தகட்டில் கறள் பிடித்தால், அது அழகு சம்பந்தமான பழுது அன்று. முதுகெலும்பு சம்பந்தமான பழுது. பின்வில்லுகள் வந்து பொருந்தும் இடத்தில் தகடு உக்கினால், ஒரு நாள் குழியில் விழும்போது அச்சே இடம்பெயரும். முன்சில்லைத் தாங்கும் கீழ்ப்பொருத்தும் அப்படியே. அடிக்கடி கிறீஸ் ஊட்டாவிட்டால் மரை தேய்ந்து கழன்று, சில்லு மடிந்து வண்டி முன்புறம் படுத்துவிடும். இவை எவையும் இயந்திரத்தின் ஓசையில் தெரிவனவல்ல.

எங்கள் கோயில்களில் தேர்த் திருவிழாவுக்கு முன் தேரைப் பரிசோதிப்பதைப் பலரும் கண்டிருப்பர். தேருக்கு எத்தனை வயது என்று அங்கு எவரும் கேட்பதில்லை. சிற்பங்களின் மூக்கு உடைந்திருந்தாலும் தேர் ஓடும். சில்லையும் அச்சையும் மட்டும் தட்டிப் பார்ப்பார்கள். அச்சில் வெடிப்பு இருந்தால் அதனை மாற்றும் வரையில் எவ்வளவு பெரிய உபயகாரர் வந்து நின்றாலும் வடத்தைத் தொடவிடமாட்டார்கள். நாங்கள் எங்கள் கார்களுக்குச் செய்வது இதற்கு நேர்மாறு. மூக்கை ஒட்டி, வர்ணம் பூசி, அச்சைக் கடவுளிடம் விட்டுவிடுகின்றோம்.

திருத்துநர் போன பின்னர் கொப்பியை எடுத்து, இம்முறை வேறு விதமாக வாசித்தேன். காசை விட்டுவிட்டு, பழுதின் இடத்தை மட்டும் பார்த்தேன். பற்றரி, ரயர், பிறேக் லைனிங், விசிறிப் பட்டி என்பன திரும்பத் திரும்ப வருகின்றன. ஆனால் அவை வரும் இடைவெளி அறுபது ஆண்டுகளாக ஏறக்குறைய ஒன்றே. அவை தேய்வு. செருப்புத் தேய்வது போல. எந்த வண்டியிலும் உள்ளது. அதற்காக வண்டியைக் குறைகூறுவது நியாயமன்று. இன்னொரு வகை இருக்கின்றது. 'இடப்பக்கக் கதவடித் தகடு - ஒட்டு' என்ற குறிப்பு முதன்முதலில் 1998இல் வருகின்றது. அடுத்தது 2009இல். பின்னர் 2016, 2020, 2023. இடைவெளி குறுகிக்கொண்டே வருகின்றது. ஒட்டின்மேல் ஒட்டு. அது தேய்வன்று, உக்கல். ஒவ்வொரு முறையும் உக்கிய தகட்டை வெட்டி எறியாமல், அதன்மேல் புதிய துண்டொன்றை வைத்து ஒட்டி, தார் பூசி மறைத்திருக்கின்றோம். நல்ல இரும்பு எங்கு தொடங்குகின்றது என்று ஐந்து முறையும் எவரும் தேடவில்லை. நானும் தேடச் சொல்லவில்லை. தேடினால் செலவு தெரிந்துவிடும்.

ஆகவே, 'எத்தனை முறை திருத்துவது?' என்று கேட்போருக்கு என் விடை இது. தேய்வை எத்தனை முறையும் திருத்தலாம். உக்கலை ஒரே முறைதான் திருத்தலாம். அதனையும் நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டித் திருத்தவேண்டும். அதற்குப் பணமோ ஆளோ இல்லையென்றால் வண்டியை வீதியிலிருந்து எடுத்துவிடவேண்டும். ஒட்டுப்போட்டு ஓட்டுவது என்ற மூன்றாவது வழியைத்தான் எங்களில் பெரும்பாலோர் தெரிந்தெடுக்கின்றோம். அதனை நான் இப்போது குற்றம் என்றே கருதுகின்றேன். அது என் உயிரை மட்டும் பணயம் வைப்பதன்று. அன்று துவிச்சக்கர வண்டியில் கடந்த பிள்ளைக்கு என் தகப்பனாரும் தெரியாது, நாவற்குழியும் தெரியாது.

திருத்துவது வீண் என்று இதனால் முடிவு கட்டிவிடலாகாது. இங்கிலாந்தின் பாத் நகரிலே சாள்ஸ் வெயர் என்பவர் மொறிஸ் மைனர் வண்டிகளைப் புதுக்கும் நிலையமொன்றை நடத்திவந்தார். வண்டிகளை நீடித்து வைத்திருப்பது பற்றி 1980களில் ஒரு நூலும் எழுதினார். நன்கமைந்த பழைய வண்டியைத் திட்டமிட்டுத் திருத்தி வைத்திருப்பவன், புதியதை வாங்கி அதன் விலை ஆண்டுதோறும் கரைவதைப் பார்த்திருப்பவனிலும் இலாபமடைகின்றான் என்பது அவர் வாதம். ஆனால் அவர் திருத்தம் என்று கருதியது ஒட்டுப்போடுவதையன்று. உக்கிய பகுதியை முழுதாக வெட்டி நீக்கிப் புதிய தகட்டைப் பொருத்துவதையே. அத்தகைய தகடுகளையும் உறுப்புகளையும் 1990களில் அவர் எங்கே செய்வித்தார் என்று நினைக்கின்றீர்கள்? இலங்கையில், இலங்கையர் ஒருவரோடு கூட்டுச்சேர்ந்து, இங்குள்ள தொழிலாளரைக் கொண்டே செய்வித்தார். இங்கிலாந்தின் வண்டிகளுக்கு இலங்கைக் கைகள் புதிய தகடு அடித்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், நாங்கள் அதே தீவின் மறுகோடியில் தகரப் பீப்பாயை வெட்டி ஒட்டுப்போட்டுக்கொண்டிருந்தோம். எங்கள் திருத்துநரிடம் இதனைச் சொன்னபோது அவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்பு, "அப்ப அளவுத் தகடு இருக்குதெண்டு சொல்லுங்கோ" என்றார்.

'சரித்திரம்' என்று சொன்ன என் மாணவருக்கும் ஒரு வார்த்தை. சரித்திரத்தைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் சரித்திரம் என்று ஒன்றை மதித்தால், அதனைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கலாம், கொட்டிலில் வைக்கலாம். பாடசாலை விடும் நேரத்தில் சந்திக்குக் கொண்டுவர வேண்டியதில்லை. வீதிக்கு வருவது எதுவாயினும் அது வாகனம்; வாகனத்துக்குரிய கேள்விகளுக்கு அது விடை சொல்லவேண்டும்.

இனி என் தீர்ப்பு. உண்மையில் அதனை என்னால் தனியே வழங்க முடியவில்லை. செலவை ஒருவாறு சமாளிக்கலாம் என்று கண்டபின், திருத்துநரிடம் போய், "வெட்டி முழுசாச் செய்வமோ?" என்றேன். அவர் உடனே விடை சொல்லவில்லை. தம் இரு கைகளையும் நீட்டிக் காட்டினார். விரல்கள் மெல்ல நடுங்கின. "எனக்கு வெல்டிங் பிடிக்க ஏலாது மாஸ்ரர், ரண்டு வருசமாச்சு. இதை நான் செய்தால் அதுவும் ஒட்டுத்தான்" என்றார். அவரிடம் தொழில் பழகியவர்களுள் இருவர் பிரான்சிலும் ஒருவர் கட்டாரிலும் இருக்கின்றனர். இப்போது ஒருவன்தான் உண்டு. வயது பத்தொன்பது, ஜப்பான் வண்டிகளின் வேலைதான் தெரியும். வண்டியைத் திருத்துவது பற்றி இத்தனை நாள் போட்ட கணக்குகளில் இந்த ஓர் இனத்தை நான் சேர்க்கவே இல்லை. வண்டியின் வயதை எண்ணினேன். அதனை அறிந்த கைகளின் வயதை எண்ணவில்லை. உதிரிப்பாகம் கப்பலில் வரும். அந்தக் கை வராது.

மூவரும் இருந்து பேசினோம். வலப்பக்கத்தை முதலில் வெட்டுவது, பொடியன் வெட்டவேண்டும், பொடியனே ஒட்டவேண்டும், அவர் தொடக்கூடாது. அந்தப் பக்கம் சரியாக வந்தால் இடப்பக்கம். வராவிட்டால் வண்டியை உறுப்புறுப்பாகக் கழற்றி, வேண்டியவர்களுக்குக் கொடுத்துவிடுவது. பிறேக் குழாய்கள், சிலிண்டர்கள் யாவும் புதியன. யாவும் முடிந்த பின்னும், வேறொரு திருத்துநர் வந்து தட்டிப் பார்க்கும் வரையில் பேத்தி அதில் ஏறுவதில்லை. இந்தக் கடைசி நிபந்தனை என் மனைவியுடையது. துண்டைக் கண்டு பேசாமல் உள்ளே போனவர் வெளியே வந்து சொன்னது இது ஒன்றுதான்.

வண்டி இப்போது சில்லுகள் கழற்றப்பட்டு, நான்கு பனங்குற்றிகள்மேல் நிற்கின்றது. நான் சந்தைக்கு ஓட்டோவில் போய்வருகின்றேன். நேற்று மாலை கொட்டிலுக்குப் போனபோது, வலப்பக்கக் கதவடித் தகடு நீளவாக்கில் வெட்டப்பட்டுத் திறந்து கிடந்தது. உள்ளேயிருந்து ஒரு கூடை கறள்தூள் கொட்டியிருந்தது. பொடியன் மல்லாந்து படுத்திருந்தான். திருத்துநர் பக்கத்தில் ஒரு முக்காலியில் குந்தி, கைவிளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"எங்கை நிப்பாட்டுறது ஐயா?" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

"தட்டிப் பார்."

தட்டினான். ஓசை வரவில்லை.

"இன்னும் வெட்டு" என்றார் அவர்.